செயல்திறன் சோதனைக்காக சர்வர் கோர்களை அணைப்பது எப்படி?

ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப்போடும் அலகுகள்தான் கோர்கள். 32 கோர் சர்வர் வேண்டுமா, 16 கோர் போதுமா? கோரை இரட்டிப்பாக்கியும் வேகம் ஏன் கூடவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேட, கையில் இருக்கும் சர்வரிலேயே சில கோர்களை அணைத்துவிட்டு அதே லோடை ஓட்டிப் பார்ப்பதுதான் செலவில்லாத வழி. லினக்ஸில் ஒரு கோரை அணைக்க ஒரு வரி போதும். ஆனால் அணைந்த கோர் தன் கணக்குப்போடும் திறனை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறது. அது பங்குபோட்டுக்கொண்டிருந்த எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்), மெமரிப் பாதை, மின்சார ஒதுக்கீடு எல்லாம் மிச்சமிருப்பவற்றுக்குப் போய்விடும். 16 கோரில் 4ஐ மட்டும் விட்டுவைத்தால் கிடைப்பது 4 கோர் ப்ராசஸர் அல்ல. பதினாறு பேருக்கு வடித்த சோற்றை நான்கு பேர் சாப்பிடுகிற பந்தி. இதை மறந்து எடுத்த அளவுகளை வைத்து சர்வர் வாங்கினால் கணக்கு உதைக்கும்.

இங்கே சொல்வது லினக்ஸ் சர்வருக்கு. விண்டோஸ் பற்றி இடையில் கொஞ்சம். ரூட் அனுமதி வேண்டும். ஐடிராக், ஐலோ போன்ற தொலைநிலைக் கன்சோல் கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில், வேறு குறிப்பு இல்லாத இடத்தில் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எந்த எண் எந்தக் கோர்?

முதலில் ‘எல்எஸ்சிபியு -ஈ’ ஓட்டுங்கள். ஒவ்வொரு சிபியு எண்ணுக்கும் எதிரே அது எந்த நோடு (ஒரு கூட்டம் கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள மெமரியும்), எந்த சாக்கெட் (ப்ராசஸர் செருகிய இடம்), எந்தக் கோர், எந்தக் கேஷ் என்று அட்டவணையாக வரும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். கோரை அணைத்த பிறகு அதன் அமைப்பு விவரங்களைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காட்டாது, அப்போது தேடினால் கிடைக்காது.

உதாரணத்துக்கு இன்டெல் ஸியான் கோல்ட் 6130 இரண்டு பொருத்திய சர்வரை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 16 கோர், ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு சிபியுவாகக் காட்டும் வசதி) இயங்குவதால் லினக்ஸுக்கு மொத்தம் 64 சிபியு தெரியும். பல சர்வர்களில் எண்கள் இப்படி இருக்கும்: 0 முதல் 15 வரை முதல் சாக்கெட், 16 முதல் 31 வரை இரண்டாம் சாக்கெட், 32 முதல் 63 வரை அதே 32 கோர்களின் இரட்டை த்ரெடுகள். அதாவது சிபியு 0-ம் சிபியு 32-ம் ஒரே கோரின் இரண்டு முகங்கள்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். “பாதியை அணைப்போம்” என்று 32 முதல் 63 வரை அணைத்தால் ஒரு கோர்கூட அணையவில்லை. ஹைப்பர்த்ரெடிங் மட்டும் போயிருக்கிறது. வேகம் கொஞ்சம்தான் குறையும். அதைப் பார்த்து “பாதி சர்வரே போதும் போலிருக்கிறதே” என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். வேறு சில சர்வர்களில் இரட்டைப்படை எண்கள் ஒரு சாக்கெட், ஒற்றைப்படை எண்கள் இன்னொரு சாக்கெட் என்று மாறிமாறி வரும். அங்கே முதல் 16 எண்களை விட்டுவைத்தால் சாக்கெட்டுக்கு எட்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே எண்ணைப் பார்த்து ஊகிக்காமல் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அணைப்பதற்கு முன் நிலைப்படுத்த வேண்டியவை

டர்போதான் (இடம் கிடைக்கும்போது கோரின் வேகத்தைத் தானாக உயர்த்தும் வசதி) பெரிய ஏமாற்றுக்காரன். 6130இன் அடிப்படை வேகம் 2.1 ஜிகாஹெர்ட்ஸ், அதிகபட்ச டர்போ 3.7. ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது உச்சத்தை நெருங்கும். பதினாறும் ஓடினால் வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்காது, வேகம் இறங்கும். அப்படியிருக்க 1 கோரில் எடுத்த அளவை 16ஆல் பெருக்கி “இவ்வளவு வந்திருக்க வேண்டும், வரவில்லை, மென்பொருளில் கோளாறு” என்றால், பழி தப்பான ஆள் மேல் விழுகிறது.

இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் உள்ள சர்வரில் ‘/ஸிஸ்/டிவைசஸ்/ஸிஸ்டம்/சிபியு/’ கோப்புறைக்குள் ‘இன்டெல்_பிஸ்டேட்’ என்ற உட்கோப்புறை இருக்கும். அதிலுள்ள ‘நோ_டர்போ’ கோப்பில் 1 எழுதினால் டர்போ நிற்கும். ஏசிபிஐ டிரைவர் என்றால் ‘சிபியுஃப்ரீக்’ கோப்புறையின் ‘பூஸ்ட்’ கோப்பில் 0 எழுத வேண்டும். ஒன்றில் 1, மற்றொன்றில் 0, குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு ‘சிபியுபவர் ஃப்ரீக்வென்ஸி-செட் -ஜி பெர்ஃபார்மன்ஸ்’ கொடுத்து, வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னரையும் நிலைப்படுத்துங்கள். சோதனை ஓடும்போது பக்கத்து டெர்மினலில் ‘டர்போஸ்டாட்’ ஓடட்டும். வேகம் உண்மையிலேயே ஒரே அளவில் நிற்கிறதா என்று அது காட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கோர் கூடக்கூட மென்பொருள் எவ்வளவு நன்றாக விரிகிறது என்று பார்க்க டர்போவை அணைப்பது சரி. எந்த சர்வர் வாங்குவது என்பது கேள்வியானால், வாங்கப்போகும் சர்வர் டர்போவோடுதான் ஓடும். டர்போ இருந்தும் இல்லாமலும் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

அணைக்கும் முறை

1. லோடு அனுப்பும் நிரல் வேறு இயந்திரத்தில் இருக்கட்டும். சோதிக்கும் சர்வரிலேயே அதையும் ஓட்டினால் மிச்சமிருக்கும் கோர்களை அதுவே தின்றுவிடும். எல்லாக் கோரும் இயங்கும் நிலையில் ஒரு அடிப்படை அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஹைப்பர்த்ரெடிங்கை முதலில் தீர்த்துவிடுங்கள். சிபியு கோப்புறைக்குள் ‘எஸ்எம்டி/கன்ட்ரோல்’ என்ற கோப்பில் ‘ஆஃப்’ என்று எழுதினால் எல்லா இரட்டை த்ரெடுகளும் ஒரே அடியில் அணையும். 4.19 முதலான கெர்னல்களில் இந்த வசதி உண்டு. அப்படி அணைத்த த்ரெடைத் தனியாக எழுப்ப முயன்றால் அனுமதி இல்லை என்று திருப்பிவிடும். அது பிழையல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

3. இனி கோர்கள். ‘சிஎச்சிபியு -டி 8-15’ என்றால் 8 முதல் 15 வரை அணையும்; ‘-ஈ’ போட்டால் திரும்ப எழும். இந்தக் கட்டளை இல்லாத இடத்தில், சிபியு கோப்புறைக்குள் அந்தந்த எண்ணின் கோப்புறையில் உள்ள ‘ஆன்லைன்’ கோப்பில் 0 எழுதுங்கள். ‘சூடோ எக்கோ 0’ என்று தொடங்கி அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்குத்தான். கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். ‘எக்கோ 0’ போட்டு, பைப் வழியாக ‘சூடோ டீ’க்கு அனுப்பி, அதற்குப் பின் கோப்பின் பாதையைக் கொடுங்கள். இந்த ‘டீ’ கட்டளையை டி, இ, இ என்று மூன்றெழுத்தில் எழுத வேண்டும்.

4. சரிபார்க்க, சிபியு கோப்புறையிலேயே உள்ள ‘ஆன்லைன்’ கோப்பைப் படியுங்கள். மேலே சொன்ன உதாரண சர்வரில் ‘0-7,16-31’ என்பதுபோல ஒரு வரி வரும். கெர்னல் பதிவிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்போது ஆஃப்லைன் என்று ஒரு வரி இருக்கும்.

5. சோதிக்கும் மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி ஏன் அவ்வளவு முக்கியம்? பல மென்பொருள்கள் தொடங்கும்போதுதான் கோர்களை எண்ணுகின்றன, பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயன் முடிந்த மெமரியை மீட்கும், அதாவது குப்பை அள்ளும், த்ரெடுகளின் எண்ணிக்கையை ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) இப்படி வைக்கிறது: 8 சிபியு வரை அதே எண், அதற்கு மேல் இருப்பதில் எட்டில் ஐந்து பங்கு. 64 சிபியு இருக்கும்போது தொடங்கினால் 8 கூட்டல் 35, மொத்தம் 43. பிறகு 4 கோர் மட்டும் விட்டு மற்றதை அணைத்தாலும் அந்த 43 என்ற உச்சவரம்பு அப்படியே நிற்கும், 4 கோரில் இடித்துக்கொள்ளும். மறுதொடக்கம் செய்தால் 4ஆக ஆகிவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு: ஒரே ஒரு சிபியுதான் இருக்கிறது என்றால் ஜேவிஎம் வழக்கமான ஜி1 முறையை விட்டு சீரியல் முறைக்குத் தாவிவிடும். அப்போது 1 கோர் அளவும் 2 கோர் அளவும் இரண்டு வேறு மென்பொருளின் அளவுகள் மாதிரிதான். ஒப்பிட வேண்டுமானால் குப்பை அள்ளும் முறையைத் தொடக்கக் கட்டளையிலேயே பெயர் சொல்லிக் கட்டிவிடுங்கள்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மென்பொருளில் வொர்க்கர் எண்ணிக்கையை ‘ஆட்டோ’ என்று விட்டிருந்தாலும், 1.25க்கு முந்தைய கோ மொழியில் எழுதிய சேவைகளிலும் இதே கதை.

6. நெட்வொர்க் கார்டைப் பாருங்கள். டிரைவர் ஏற்றப்படும்போது இருந்த சிபியு எண்ணிக்கையை வைத்துத்தான் பாக்கெட் வரிசைகளைத் திறந்திருக்கும். 32 வரிசைகளின் இன்டரப்டுகள் (கார்டு கோரைக் கூப்பிடும் சமிக்ஞைகள்) 4 கோரின் தலையில் வந்து விழுந்தால், எவை எங்கே குவியும் என்பது உங்கள் கையில் இல்லை. ‘/ப்ராக்/இன்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்தால் எந்தக் கோர் திணறுகிறது என்று தெரியும். ‘ஈத்டூல்’ கட்டளையில் பெரிய எழுத்து எல் போட்டு, ‘கம்பைண்ட்’ எண்ணிக்கையை இயங்கும் கோர்களுக்கு இணையாகக் குறையுங்கள். இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஐஆர்க்யூ-பேலன்ஸ் சேவையையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

7. சூடேற்ற ஐந்து நிமிடமாவது ஓட்டிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். கேஷ் காலியாக இருக்கும்போது எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது மூன்று முறை. 1, 2, 4, 8, 16 என்று ஏறுவரிசையில் மட்டும் போகாமல் கலைத்துப் போட்டு ஓட்டுங்கள். அறையின் வெப்பமும் தரவுத்தளத்தின் வளர்ச்சியும் மெல்ல மாறுவதைக் கோர்களின் பலனாக எண்ணிவிடாமல் இருக்க இதுதான் வழி.

எந்தக் கோர்களை விட்டுவைப்பது?

எத்தனை கோர் என்று கேட்கிற அளவுக்கு எந்தக் கோர் என்று யாரும் கேட்பதில்லை. ஏஎம்டி ஈபிக் 7763ஐப் பார்த்தால் அது ஏன் தப்பு என்று புரியும். 64 கோர், 256 எம்பி எல்3. ஆனால் அந்தக் கேஷ் ஒரே குவியலாக இல்லை. எட்டு சில்லுகளில், சில்லுக்கு 8 கோர், 32 எம்பி என்று பிரிந்திருக்கிறது. ஒரே சில்லின் 8 கோர்களை விட்டுவைத்தால் உங்கள் மென்பொருளுக்கு 32 எம்பி கேஷ். சில்லுக்கு ஒன்றாக 8 கோர்களை விட்டுவைத்தால் 256 எம்பி. இரண்டுமே “8 கோர் சோதனை”தான்! கேஷை நம்பி ஓடும் தரவுத்தளத்துக்கு இரண்டாவது நிலை பெரும் வரம். ஒன்றோடொன்று ஓயாமல் தரவைப் பரிமாறிக்கொள்ளும் த்ரெடுகளுக்கோ முதல் நிலைதான் நல்லது, சில்லு விட்டுச் சில்லு தாண்டும் தாமதம் இல்லை. எல்எஸ்சிபியு அட்டவணையில் கேஷ் பத்தியின் கடைசி எண் எல்3இன் அடையாளம். அது ஒன்றாக இருந்தால் ஒரே கேஷைப் பங்குபோடுகிறார்கள். எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை முடிவுகளோடு எழுதாவிட்டால் அந்த எண்கள் யாருக்கும் உதவாது.

இன்டெல் 6130இல் 22 எம்பி எல்3 சாக்கெட் முழுவதற்கும் பொது. லினக்ஸில் இருந்து 12 கோரை அணைத்தாலும் மிச்சமுள்ள 4 கோருக்கு 22 எம்பியும் கிடைக்கும், ஆறு மெமரி சேனல்களும் கிடைக்கும். நிஜ 4 கோர் ப்ராசஸருக்கு அந்தச் சொகுசு கிடையாது. கோரை அணைப்பதால் மட்டும் இது சரியாகாது; அளவைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியதுதான்.

ஒரு சாக்கெட்டை முழுக்க அணைத்து ஒற்றை சாக்கெட் சர்வராகப் பார்க்க நினைப்பவர்கள் மெமரியை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் சாக்கெட்டின் கோர்கள் எல்லாம் அணைந்தாலும் அதில் செருகிய மெமரி உயிரோடுதான் இருக்கும். முதல் நோடு நிரம்பினால் கெர்னல் அங்கிருந்து எடுத்துக்கொடுக்கும், ஒவ்வொரு தடவையும் சாக்கெட்டுகளுக்கு இடையிலான பாதையைக் கடந்து. ‘நியூமாசிடிஎல் --மெம்பைண்ட்=0’ போட்டு மென்பொருளைத் தொடங்கினால் இது நடக்காது. நெட்வொர்க் கார்டு எந்த சாக்கெட்டில் தொங்குகிறது என்றும் பாருங்கள். அதன் டிவைஸ் கோப்புறையில் ‘நியூமா_நோடு’ என்ற கோப்பு சொல்லும். அணைத்த சாக்கெட்டில்தான் கார்டு இருக்கிறதென்றால், ஒவ்வொரு பாக்கெட்டும் ஊரைச் சுற்றி வரும்.

அணைய மறுத்தால்

சிபியு 0-க்கு ‘ஆன்லைன்’ கோப்பே இல்லையா? இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் அது இயல்பு. அதைத் தவிர மற்றதை அணையுங்கள்.

இடமில்லை என்ற பிழை வந்தால் குழம்பாதீர்கள், வட்டில் இடம் இல்லாததல்ல காரணம். ஒவ்வொரு கோரும் சுமார் 200 இன்டரப்ட் வெக்டார்களைத்தான் (இன்டரப்டுகளுக்கான இடங்கள்) தாங்கும். நிறைய வரிசைகள் கொண்ட நெட்வொர்க் கார்டுகள் இருக்கும் சர்வரில், அணையப்போகும் கோரின் இன்டரப்டுகளை ஏற்க மற்றவற்றில் இடம் தீர்ந்திருக்கும். கெர்னல் பதிவில் அந்தக் கோரிடம் எத்தனை வெக்டார், மிச்சம் எத்தனை என்று எழுதியிருக்கும். கார்டின் வரிசைகளைக் குறைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

‘டாஸ்க்செட்’ போட்டு ஒரு கோரில் கட்டிவைத்த வேலை, அந்தக் கோர் அணைந்தால் நிற்காது. கெர்னல் கட்டை அவிழ்த்து வேறு கோரில் ஓடவிடும். சிகுரூப் (நிரல்களைக் குழுவாக்கி எல்லை வைக்கும் கெர்னல் வசதி) முதல் பதிப்பில் இன்னொரு தொல்லை: அந்தக் குழு எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற பட்டியலான சிபியுசெட்டில் இருந்து போன கோர், பிறகு எழுந்தாலும் தானாகப் பட்டியலில் சேராது. சோதனை முடிந்து “எல்லாக் கோரும் ஓடுகிறதே, கன்டெய்னர் மட்டும் ஏன் மந்தம்” என்று தேட வேண்டிவரும். இரண்டாம் பதிப்பில் இந்தப் பிரச்சினை இல்லை.

ரீபூட் செய்து அணைக்கும் வழிகள்

மேலே சொன்ன எதுவும் ரீபூட்டுக்குப் பின் தங்காது. நாள்கணக்கில் ஓடும் சோதனைக்கு, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான க்ரப்பில் கெர்னல் அளவுருவாகக் கொடுக்கலாம். ‘மேக்ஸ்சிபியூஸ்=8’ என்றால் 8 சிபியுவோடு எழும், மற்றவற்றைப் பிறகு எழுப்பிக்கொள்ளலாம். ‘என்ஆர்_சிபியூஸ்=8’ என்றால் அதற்கு மேல் கெர்னல் கண்ணிலேயே படாது. சில லினக்ஸ் வினியோகங்களில் யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்று, அணைந்திருக்கும் சிபியுவைக் கண்டதும் எழுப்பிவிடும். அங்கே முதல் வழி பலிக்காது, இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். இரண்டிலும் ஒரு குறை: எந்த எட்டு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

பயாஸில் அணைப்பது இன்னும் சுத்தம். டெல் பவர்எட்ஜில் ப்ராசஸர் அமைப்புகள் பக்கத்தில் லாஜிக்கல் ப்ராசஸர் என்பது ஹைப்பர்த்ரெடிங். அதே பக்கத்தில் ப்ராசஸருக்கு எத்தனை கோர் என்றும் தரலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு ரீபூட், பெரிய சர்வர் எழுந்து வரப் பல நிமிடம். ஆறு நிலைகளை மும்மூன்று முறை ஓட்டுபவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் சர்வரில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் தாவலில் மேம்பட்ட விருப்பங்களில் ப்ராசஸர் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நிர்வாகி அனுமதியோடு ‘பிசிடிஎடிட் /செட் நம்ப்ராக் 8’ கொடுப்பதும் அதேதான். மீட்க ‘பிசிடிஎடிட் /டெலிட்வேல்யூ நம்ப்ராக்’. இரண்டுக்கும் ரீபூட் உண்டு.

டாக்கரில் எல்லை வைத்தால் போதாதா?

போதாது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் ‘--சிபியூஸ்=4’ என்பது நான்கு கோர் அல்ல, நான்கு கோருக்கான நேர ஒதுக்கீடு. ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 400 மில்லிசெகண்ட் சிபியு நேரம் தருவார்கள். 64 த்ரெட் ஒன்றாகப் பாய்ந்தால் அந்த 400-ம் 6.25 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். மிச்சம் 93 மில்லிசெகண்டுக்கும் மேலாக எல்லாரும் கைகட்டி நிற்பார்கள். சராசரியில் இது தெரியாது. 99ஆம் சதமானத் தாமதத்தில் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேர வரம்பு) கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும். நிஜமான 4 கோர் சர்வர் இப்படி நடந்துகொள்ளாது. ‘--சிபியுசெட்-சிபியூஸ்’ இதைவிட மேல், ஆனாலும் கெர்னல் வேலைகளும் இன்டரப்டுகளும் வெளியே உள்ள 60 சிபியுவில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அந்த இலவச உதவி அளவில் கலந்துவிடும்.

அளவுகளைப் படிப்பது

எண்களைப் பார்த்ததும் நேர்கோட்டை எதிர்பார்க்காதீர்கள். ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: வேலையில் 5 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால் 4 கோரில் 3.48 மடங்கு, 8 கோரில் 5.93, 16 கோரில் 9.14. எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. உங்கள் வளைவு இதையொட்டி மெல்லத் தட்டையானால் அது இயல்பு. ஓர் இடத்துக்குப் பிறகு கீழே இறங்கினால் பூட்டுச் சண்டையையோ (ஒரே தரவுக்காக த்ரெடுகள் காத்துக்கிடப்பது) கேஷ் மோதலையோ தேட வேண்டும். திடீரென்று படிபோல் குதித்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் சாக்கெட் எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். சேமித்த அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

கூடவே ‘எம்பிஸ்டாட் -பி ஆல் 5’ ஓடட்டும். அதில் பி பெரிய எழுத்து, ஆல் முழுவதும் பெரிய எழுத்து. இயங்கும் எல்லாக் கோரும் ஏறக்குறைய முழுச் சுமையில் இருந்தால்தான் அது கோர் எண்ணிக்கைச் சோதனை. பாதி கோர் தூங்கிக்கொண்டிருந்தால் இடைஞ்சல் வட்டிலோ நெட்வொர்க்கிலோ லோடு அனுப்பும் இயந்திரத்திலோ இருக்கிறது; கோரைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை.

முடிந்ததும் ‘சிஎச்சிபியு -ஈ’யால் கோர்களை எழுப்புங்கள். எஸ்எம்டி கன்ட்ரோலை ‘ஆன்’ ஆக்குங்கள். கெர்னல் பதிப்பைப் பொறுத்து, நீங்கள் தனியாக அணைத்த கோர்களும் இதோடு விழித்துக்கொள்ளலாம். சோதனையின் நடுவில் இதைத் தொட்டால் ‘ஆன்லைன்’ கோப்பை மறுபடி பாருங்கள். டர்போ, கவர்னர், நெட்வொர்க் வரிசைகள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஐஆர்க்யூ-பேலன்ஸை மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர்ந்த இன்டரப்டுகள் தாமாக வீடு திரும்பாது. பிறகு முதலில் எடுத்த அடிப்படை அளவை அப்படியே ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டுக்கும் 2, 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், இடையில் ஏதோ நகர்ந்திருக்கிறது. அன்றைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, எது நகர்ந்தது என்று பார்த்த பிறகு மறுபடி தொடங்குங்கள்.